கரையில யாரும்மா இருக்கா?

இன்று அதிராம்பட்டினம் பஸ்ஸில் மீன் விற்கும் அக்கா ஒருவர் காலிக் கூடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போனில், இரண்டு சின்னக் குழந்தைகளோடு பாய்மரப் படகில் உலகம் சுற்றும் ஒரு தம்பதியின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவும் எட்டிப் பார்த்தார்.

“குடும்பமே ஒரே போட்லயா? அப்ப கரையில யாரும்மா இருக்கா?”

“யாரும் இல்லக்கா. அவங்களுக்கு வீடே அந்தப் படகுதான்.”

“எங்க வீட்டுல அண்ணன் தம்பியவே ஒரே போட்ல அனுப்ப மாட்டோம். ஒருத்தன் போனாலும் ஒருத்தன் மிஞ்சணும்ல” என்றார், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமை நாங்களும் இரண்டு பிள்ளைகளோடு படகில் போவதாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். கரையில் நிற்க என் கணவர் உடனே முன்வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் நீச்சல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

உங்கள் வீட்டில் கரைக்கு யார்?