நல்லமுத்து வாங்கிய கோணல் கிட்டார்

மாயாண்டிக்கு நல்லமுத்து ஒரு பேஸ் கிட்டார் கடன். காசாகக் கடன் இல்லை, கிட்டாராகவே கடன். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு வட்டகொடை ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. அது முடிந்து சாமான் ஏற்றும்போது, நல்லமுத்து தாமே ஓட்டிய லொறி பின்னால் போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த மாயாண்டியின் கிட்டார் மேல் ஏறி இறங்கிவிட்டது. அப்பளம் நொறுங்கிய மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"வாங்கித் தர்றேன்டா. நல்லமுத்து சொன்னா சொன்னதுதான்," என்று கல்யாண வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். சொல்லி இரண்டு வருசம் ஆகிவிட்டது.

நல்லமுத்து ஏமாற்றுக்காரர் இல்லை. அப்படி யாராவது சொன்னால் நாக்கு அழுகும். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொல்லி, பதினாலு வயதில் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்திலிருந்து ஓடிப்போய் லொறி கிளீனரானவர். இன்றைக்கு ஹட்டனில் மைக், ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் சொந்தக் கடை, சொந்த லொறி, எட்டு ஸ்பீக்கர் பெட்டி, பெண்சாதி பேரில் 'பூரணி இன்னிசைக் குழு'. அவர் கொடுத்த மைக்கில் பேசாத தலைவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. படித்தவர்கள் அவர் கடை வாசலில் நின்று "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்பார்கள். அவர் குறைக்கமாட்டார். இவ்வளவையும் தனி ஆளாகச் செய்த மனிதருக்கு ஒரு கிட்டார் வாங்க நேரம் அமையவில்லை, அதுதான் விசயம்.

மாயாண்டி அதுவரை மாதா கோயில் கிட்டாரை இரவல் வாங்கி வாசித்தான். பகலில் தேயிலை ஃபெக்டரியில் மெசின் வேலை, சனி ஞாயிறு கச்சேரி. அதிகம் பேசமாட்டான். ஒரு நாள் கடைக்கு வந்து, வாயைத் திறந்தான்.

"ஃபாதர் கிட்டார திருப்பிக் கேட்டுட்டாருண்ணே. பொகவந்தலாவை தேர்க் கச்சேரிக்கு நான் எத வாசிக்கிறது? ஒங்க லொறியயா?"

"ஏண்டா, மூணு வாரம் இருக்கில்ல?"

"கண்டிக் குழுவுல கூப்பிடுறாங்க. அவங்ககிட்ட கிட்டாரும் இருக்கு. லொறிய பாத்து ஓட்ற ஆளும் இருக்கு."

நல்லமுத்து கல்லாப் பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்கினார். பொகவந்தலாவைக் கச்சேரி நாற்பதாயிரம் ரூபாய்க் கச்சேரி. திருவிழாக் கமிட்டித் தலைவர் முத்துலிங்கம் கறாராகச் சொல்லியிருந்தார்: போன வருசம் மாதிரி தகர டப்பாச் சத்தம் வேண்டாம், அடியில் நின்று அதிர்கிற பேஸ் இல்லாவிட்டால் கண்டிக் குழுதான். பிறந்த ஊரில், தாம் ஓடிப்போன அதே தோட்டத்து ஜனங்கள் முன்னால், வேறொருவன் வந்து மேடை போடுவதா?

செவ்வாய்க்கிழமை விடியற்காலை இருபதாயிரம் ரூபாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாயாண்டியையும் கூட்டிக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினார். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் மாயாண்டி இரண்டு தரம் வாந்தி எடுத்தான். நல்லமுத்து அதையும் பொறுத்துக்கொண்டார்.

பொறுக்க முடியாதது கடையில்தான் தொடங்கியது. முதல் கடையில் பளபளவென்று ஒரு சிவப்புக் கிட்டார். பதினெட்டாயிரத்து ஐந்நூறு. தூக்கிப் பார்த்தார், நல்ல கனம். குமிழ் மட்டும் ஐந்து இருந்தது.

"முடிஞ்சுது. இத கட்டச் சொல்லு," என்றார்.

மாயாண்டி கட்டவிடவில்லை. கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் கழுத்தைப் பார்த்தான். தோளில் மாட்டிக் கையை விட்டான். கிட்டாரின் தலை மெல்லத் தரையை நோக்கிச் சாய்ந்தது.

"தல கனம்ணே. மூணு மணி நேரம் எடது கையால தாங்கிக்கிட்டே வாசிக்க முடியாது."

"ஒனக்கும் அதே வியாதிதான். ஒன்ன நான் தாங்கலியா?"

அடுத்த கடையில் ஐந்து கம்பிக் கிட்டார், பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. நல்லமுத்துவின் கண் விரிந்தது. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கம்பி கூட! மாயாண்டி அந்த ஐந்தாவது தடித்த கம்பியைத் தட்டினான். அது நனைந்த கொடிக் கயிறு மாதிரி ஆடியது.

"சுதி நிக்கலண்ணே. இவ்ளோ தடிச்ச கம்பிக்கு இந்த நீளம் பத்தாது. தொளதொளங்குது."

"அப்ப அத தொடாம மத்த நாலையும் வாசி!"

"அப்ப ஏன் அஞ்சு வாங்கணும்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். நல்லமுத்துவுக்குக் காது சிவந்தது. நாலு கடை, பதினோரு கிட்டார். ஒன்று கழுத்து வளைவு, ஒன்று ஒயர் இரைச்சல், ஒன்று அவன் விரலுக்குத் தடிப்பு. எட்டு ஸ்பீக்கர் பெட்டியை ஒரே மத்தியானத்தில் விலை பேசி வாங்கிய மனிதர் வெயிலில் நின்று வெறும் சோடா குடித்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இந்த மாயாண்டி இவ்வளவு கேள்வி கேட்டிருக்கமாட்டான்.

கடைசியாக வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கடை. யாழ்ப்பாணத்துக்காரர் இராசரத்தினம், பழைய வாத்தியங்களைத் திருத்தி விற்பவர். அங்கே மூலையில் அது தொங்கியது. ஐந்து கம்பி. ஆனால் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள், ஃப்ரெட் என்பார்களே, அவை ஒன்றுகூட நேராக இல்லை. ஒரு பக்கம் இப்படிச் சாய்ந்து, மறுபக்கம் அப்படிச் சாய்ந்து, விரித்த விசிறி மாதிரி இருந்தன.

"குடிச்சிப்புட்டு அடிச்சிருக்கான்," என்றார் நல்லமுத்து.

"இல்லை ஐயா, வேணுமெண்டுதான் அப்பிடி அடிச்சிருக்கு," என்றார் இராசரத்தினம். "மல்டிஸ்கேல் எண்டு சொல்லுறவை. தடிச்ச கம்பிக்கு நீளம் கூட வேணும். மெல்லிய கம்பிக்குக் கட்டையா இருந்தால்தான் விரலுக்குச் சுகம். ரண்டையும் ஒரே கழுத்திலை வைக்கிறதெண்டால் கோடு சரிவாத்தான் வரும். ஹோட்டலிலை வாசிச்ச பெடியன் ஒருத்தன் வெளிநாட்டுப் புத்தகத்திலை படம் பாத்துச் செய்விச்சவன். இப்ப அவுஸ்திரேலியாவுக்குப் போட்டான்."

மாயாண்டி அதைக் கேட்கவே இல்லை. தடித்த கம்பியைத் தட்டிவிட்டு அப்படியே நின்றான். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. இன்னொரு தரம் தட்டினான். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தில் பல் தெரிந்தது.

"இதுதாண்ணே."

விலை இருபத்துநாலாயிரம். நல்லமுத்து இடுப்புக் கட்டை ஒரு தரம் இறுக்கிக்கொண்டு களத்தில் இறங்கினார். இந்தக் கோணலை யார் வாங்குவார், எத்தனை மாதமாகத் தொங்குகிறது, நேரானதே பத்தொன்பதுக்குக் கிடைக்கிறதே என்று ஒரு மணி நேரம் பேசினார். இராசரத்தினம் களைத்துப்போய், "பதினேழரை. இனி ஒரு சதமும் குறையாது. கொண்டு போங்கோ ஐயா, எனக்குத் தலையிடிக்குது," என்றார்.

ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைத்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரும்பினார். வழியில் செக்பொயின்ட்டில் ஆமிக்காரர் நீளப் பையைக் கண்டதும் எல்லாரையும் இறக்கினார். பையைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, "இது கோணலாயிருக்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நல்லமுத்துவின் நெஞ்சு கொஞ்சம் இறங்கியது.

வாத்தியம் புதிதாக வந்தால் வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்து, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, அப்புறம்தான் வாசிக்கிறவன் கையில் கொடுப்பது அவர் குழுவின் வழக்கம். மாயாண்டி முனகினான், ஆனாலும் சரி என்று கிட்டாரைக் கடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். இடையில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் கெட்டது.

"கொழும்புக்கு ரெண்டு பேரு போயி, ஒரு நேரான சாமான் கெடைக்கலியா?" என்றாள் பூரணி.

தேத்தண்ணிக் கடையில், "அண்ணன் வாங்குன கிட்டார் லொறியில அடிபட்டதாம்ல, மறுபடியுமா?" என்றான் ஒருவன்.

போதாக்குறைக்கு, அட்வான்ஸ் கொடுக்க வந்த முத்துலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என்னாங்க நல்லமுத்து, சல்லிசா கெடச்சிச்சா? மேடையில இத காட்டுனா ஜனங்க சிரிக்கமாட்டாங்களா?"

நல்லமுத்து தோட்டத்தில் வளர்ந்தவர். கொழுந்து எடுக்கும்போது செடி மேல் மட்டக்கம்பைப் போட்டுப் பார்ப்பார்கள். மட்டம் கோணினால் கணக்குப்பிள்ளை கத்துவார், அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். அவர் அம்மா அப்படி எத்தனை நாள் அரைப் பேரோடு வீடு வந்திருக்கிறாள்! கோணல் என்றால் தப்பு என்பது அவர் எலும்பில் ஏறிய கணக்கு. கடைக்காரர் சொன்னது விற்கிறவன் பேச்சு. மாயாண்டி சொன்னது பைத்தியக்காரன் பேச்சு. பதினேழரைக்குக் கோணலை வாங்கி, ஐந்நூறு ரூபாயில் நேராக்கினால் இருபத்துநாலாயிரம் பெறுமதி! இது ஏன் கொழும்பில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை?

வியாழன் காலை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஊரே 'பாஸ்' என்று கூப்பிடும் தச்சர் அழகனிடம் போனார்.

"பாஸ், இத நேராக்கித் தரணும். நாளைக்கு கோயில்ல வைக்கணும்."

அழகன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

அழகன் மூலைமட்டத்தை வைத்து, பென்சிலால் அழகாக நேர்க்கோடு போட்டார். கம்பிகளைக் கழற்றினார். குறடால் முதல் ஃப்ரெட்டைப் பிடுங்கினார். இரண்டாவது வரவில்லை, முறுக்கிப் பிடுங்கினார், வளைந்துகொண்டு வந்தது. மூன்றாவது. நாலாவது. நல்லமுத்து பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு, வேலை நடக்கிற அழகை ரசித்தார். அழகன் மரம் அறுக்கும் வாளை எடுத்து நேர்க்கோட்டின் மேல் வைத்தபோது மாயாண்டி வந்து சேர்ந்தான். பூரணிதான் போன் போட்டு அனுப்பியிருந்தாள்.

அவன் கத்தவில்லை. வாளைப் பிடித்துக் கீழே வைத்தான். பெஞ்சில் கிடந்த நாலு ஃப்ரெட்டையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"மொத தடவ லொறி. சரி, தெரியாம நடந்துச்சு," என்றான். "இப்ப காசு குடுத்து, ஆள் வச்சு, நின்னு பாத்துக்கிட்டே ஒடைக்கிறீங்களேண்ணே!"

"ஒடைக்கலடா, திருத்துறேன்! நாலு பேரு சிரிக்கிறான்..."

"வாசிக்கிறது நானா, அந்த நாலு பேரா? இந்தக் கோட நேராக்குனா எந்த எடத்துல வெரல் வச்சாலும் சுதி தப்பும். அப்ப நாலு பேரு இல்ல, நாலாயிரம் பேரு சிரிப்பான். ஒங்க ஊர்லயே."

அந்தக் கடைசி வார்த்தை உள்ளே போய்த் தைத்தது. நல்லமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். வாழ்க்கையில் அதிகம் சொல்லாத சொல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சரி. நான் செஞ்சது தப்பு. இப்ப என்னா பண்ணலாம், அத சொல்லு."

பழைய பள்ளங்கள் நல்லவேளையாக அப்படியே இருந்தன. மாயாண்டி பிடித்துக் காட்ட, அழகன் ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, ஃப்ரெட்களைப் பழைய சரிவிலேயே இறக்கினார். மூன்று உட்கார்ந்தன. வளைந்த இரண்டாவது மட்டும் முழுசாகப் பதியவில்லை. அங்கே விரல் வைத்தால் கம்பி நரநரவென்று இரைந்தது.

"புடுங்குன கூலி முந்நூறு, அடிச்ச கூலி முந்நூறு," என்றார் அழகன். நல்லமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்.

கிட்டார் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், பொட்டோடு மாயாண்டி கைக்கு வந்தது. பொகவந்தலாவையில் தேர் அன்று அவன் அந்த இரண்டாவது ஃப்ரெட்டை, சேறு மிதிக்காமல் நடக்கிற ஆள் மாதிரி, தாண்டித் தாண்டியே வாசித்தான். ஒருத்தரும் கோட்டைப் பார்க்கவில்லை. தடித்த கம்பி பேசியபோது பலகை மேடை அதிர்ந்தது, முன்வரிசைக் கிழவர்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இந்த மலைப்பக்கத்தில் அப்படி ஒரு சத்தத்தை நல்லமுத்து குழுவைத் தவிர யாரும் கொடுத்ததில்லை, இன்றைக்கும் யாரும் மறுக்கமாட்டார்கள். முத்துலிங்கமே மறுநாள் காலை மிச்சக் காசோடு வந்து, "அடுத்த வருசமும் நீங்கதாங்க. அந்தக் கோணக் கிட்டாரும் வரணும்," என்றார்.

அவர் போனதும் மாயாண்டி முன்னால் வந்து நின்றான். அவன் கச்சேரிச் சம்பளம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

"என்னாடா?"

"இராசரத்தினம் ஐயாவுக்கு போன் பேசினேன். ரெண்டாவது ஃப்ரெட்ட மாத்தி, மத்ததையும் சரிபாக்க மூவாயிரத்தைந்நூறு."

"ஒரு துண்டுக் கம்பிக்கா?"

"ஒரு கம்பிக்கு இல்லண்ணே. நாலு. நீங்கதான எண்ணிப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

நல்லமுத்து மூச்சை இழுத்து விட்டார். முத்துலிங்கம் கொடுத்த கட்டைப் பிரித்தார். மாயாண்டி கையை நீட்டினான். ஆயிரம், இரண்டாயிரம், மூன்று. ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று. கை மூடவில்லை.

"இன்னும் என்னா?"

"பஸ் காசு."

இருநூறு வைத்தார். கை அப்படியே இருந்தது.

"போக மட்டும்தான் குடுத்திருக்கீங்க. நான் திரும்பி வர வேணாமா?"

"வராட்டி கண்டிக்காரனுக்குக் கொண்டாட்டம்," என்று முணுமுணுத்துக்கொண்டே நல்லமுத்து விரலை நனைத்து, இன்னும் இரண்டு நூறு ரூபாய்த் தாளை ஒவ்வொன்றாக எண்ணி, விரிந்திருந்த அந்த உள்ளங்கையில் வைத்தார்.