ஜெபராணி நிமிர்த்திய ஓக் வீடு

என் மனைவி ஜெபராணி கட்டடப் பொறியியல் படித்தவள். அமெரிக்காவில், இர்விங் ஊரில் ஒரு கட்டடக் கம்பெனியில் அவளுக்குக் கொடுத்ததோ வரைபடம் போடும் டிராஃப்டர் வேலை. அதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வரும். வேலையில்லாமல் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு இருந்தவனுக்கு ஆத்திரம் ஒன்றுதானே மிச்சம்!

1998-இல் காப்பெல் பக்கம் ஒரு பணக்கார அம்மாள், இங்கிலாந்து கிராமத்தில் நானூறு வருடம் நின்ற மரச்சட்ட வீட்டைப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். ஆணியே கிடையாது, ஓக் மரத் தூணும் உத்தரமும் மர முளையால் கோத்தவை. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு துண்டுகள். அவற்றைத் திரும்பக் கோத்து நிறுத்தும் வேலை இவள் கம்பெனிக்கு வந்தது. எது எங்கே என்று ஒட்டியிருந்த எண் சீட்டுகளை ஒரே மழை கழுவிவிட்டது.

புது மரத்தில் கட்டிப் பழையதை மேலே ஒட்டிவிடலாம் என்றார் மேனேஜர். பழைய துண்டுகளையே கோத்துக் காட்டுகிறேன் என்று இவள் பத்து நாள் கேட்டாள். முடியாவிட்டால் வேலை போகும், கூடவே விசாவும் போகும் என்று அவர் சொல்லிவிட்டார்.

"வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா? நான் பேக் பண்ண ஆரம்பிக்கட்டா?" என்றேன்.

"பண்ணுங்க. எனக்கு சைட்டுக்குப் போற பூட்ஸ மட்டும் வெளிய வைங்க," என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு தூணின் முனையைத் தேய்த்துக் கழுவியபோது மூன்று உளிக்கோடுகள் தெரிந்தன. அதில் பொருந்தும் உத்தரத்திலும் அதே மூன்று. அந்தக் காலத்துத் தச்சர்கள் தரையில் கோத்துப் பார்த்து, மூட்டின் இரு பக்கமும் ஒரே அடையாளம் செதுக்கிவிட்டுத்தான் தூக்கி நிறுத்துவார்களாம். ஆனால் ஒவ்வோர் அடையாளமும் இரண்டு ஜோடிகளில் இருந்தது. எது எங்கே? நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில்தான் கண்ணில் பட்டது: ஒரு ஜோடியின் கோட்டில் சின்ன வால். வால் இருந்தால் இடப்பக்கச் சுவர், இல்லாவிட்டால் வலப்பக்கம்.

பத்தாம் நாள் கிரேன் வந்தது. நான் வேலியோரம் நின்றேன். தூண்கள் நின்றன, உத்தரங்கள் இறங்கின. கடைசி உத்தரம் தன் துளையில் 'டக்' என்று உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாம், அழுதேன், அதற்கென்ன!

திங்கட்கிழமை மேனேஜரே கிரீன் கார்ட் பேப்பரோடு அவள் மேஜைக்கு வந்தார். டிராஃப்டர் என்று போட்டிருந்த இடத்தை அடித்து இன்ஜினியர் என்று எழுதினால்தான் கையெழுத்து என்று திருப்பிக் கொடுத்தாளாம். அவர் அங்கேயே நின்றுகொண்டு அடித்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.