ஆடிக் காற்றும் நாலாயிரத்து இருநூறு ஆர்பிஎம்மும்

அன்றைக்கு வண்டிக்குள் இருந்தவர்கள் இரண்டு பேர். ஸ்டீயரிங்கில் எங்கள் ஒர்க்‌ஷாப் உரிமையாளர் செல்லத்துரை அண்ணாச்சி, பக்கத்தில் மடியில் லேப்டாப்புடன் நான். இல்லாதவர் வண்டிக்குச் சொந்தக்காரர், வடகரை தேங்காய் வியாபாரி சுடலைமுத்து. ஐந்தருவியில் குளித்துவிட்டு மத்தியானம் வருவேன், வண்டி ரெடியாக இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதுவரை டியூனிங் வண்டிகளை அண்ணாச்சி கோயம்புத்தூருக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் தனியாகச் செய்யும் முதல் வண்டி இது. "சரியா வந்துட்டுன்னா லேப்டாப் வேலை பூரா உனக்கு. வரலைன்னா பழையபடி ஆயில் மாத்து" என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமா முடித்தது ஆயில் மாற்றத்தான் என்று அப்பாவிடம் போய்ச் சொல்ல முடியாது.

வேலை இதுதான். அந்த எஞ்சினில் வால்வைத் திறக்க இரண்டு விதமான கேம் உண்டு. குறைந்த வேகத்துக்கு லோ கேம், ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று, ஏறியதும் ஹை கேம். எந்த ஆர்பிஎம்மில் மாறுவது என்பதை எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவில் நாம்தான் கொடுக்க வேண்டும். கம்பெனி வைத்த அளவு, கேமும் எக்ஸாஸ்டும் மாற்றிய எஞ்சினுக்குப் பொருந்தாது. ஆகவே மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில், லோ கேமை மட்டும் வைத்து ஒரு ரன், ஹை கேமை மட்டும் வைத்து இன்னொரு ரன். இரண்டின் டார்க் கோடுகளையும், அதாவது இழுவைக் கோடுகளையும், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த ஆர்பிஎம்மில் மாற்ற வேண்டும்.

வண்டியை ரோலரில் நிறுத்தி ஓட்டி இழுவையை அளக்கும் டைனோ எங்களிடம் கிடையாது. ரோட்டில் ஓட்டினால், வண்டி வேகம் பிடிப்பதை வைத்து லேப்டாப் கணக்குப் போடும். இலத்தூர் பக்கம் குளத்தை ஒட்டி, மேற்கே பார்த்துப் போகும் நேர் ரோடு ஒன்று இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை. நேரமும் இல்லை என்பதால் போகும்போது லோ கேம் ரன், திரும்பி வரும்போது ஹை கேம் ரன் என்று எடுத்தேன். பெட்ரோலும் மிச்சம் என்று அண்ணாச்சிக்குச் சந்தோஷம். கோடுகள் நாலாயிரத்து இருநூறில் வெட்டின. அதையே போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சுடலைமுத்து வந்தார்.

"தம்பி, சத்தம் நல்லாத்தான் இருக்கு. புளியரை ஏத்தத்துல நாலாயிரத்து இருநூறுல ஒரு உறுமு உறுமுது பாத்துக்கோ. எல்லாவனும் திரும்பிப் பாக்கான். என் மச்சானும் பாத்தான். டீசல் வண்டியில என்னைத் தாண்டிப் போய்க்கிட்டே பாத்தான்."

"ஏறவே மாட்டேங்குதா மொதலாளி?" என்றார் அண்ணாச்சி.

"உறுமுன உடனே தூங்கிருது. ஐயாயிரம் தாண்டுனாத்தான் முழிக்கி."

அவர் டீ குடிக்கப் போனதும் அண்ணாச்சி என்னிடம் திரும்பினார். "ஏலே, கோயம்புத்தூர்ல இதுக்குன்னு ரூம் இருக்கு, ரோலர் இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு?"

"ரோடு இருக்கு அண்ணாச்சி."

"ரோடு எல்லாவனுக்கும்தான் இருக்கு. சாயந்தரம் வரைக்கும் பாரு. அப்புறம் வண்டியைக் கோயம்புத்தூருக்கு ஏத்திருவேன்."

மறுபடி அதே ரோடு. லோ கேமில் போனோம். கோடு பழைய கோட்டைப் போலவே வந்தது. வண்டியைத் திருப்பிய பிறகு கேமை மாற்ற மறந்துவிட்டேன். திரும்பும்போதும் லோ கேம்தான். அந்தக் கோடு முந்தியதைவிட நன்றாக மேலே நின்றது. ஒரே கேம், ஒரே கியர், பார்த்தால் இரண்டு எஞ்சின் மாதிரி இருந்தது. சென்சார் வயரை ஆட்டிப் பார்த்தேன். பிறகு கதவைத் திறந்தேன். காற்றில் கதவு கையைவிட்டுப் போனது.

குளக்கரைத் தென்னைகளின் ஓலை எல்லாம் கிழக்கே பார்த்து நின்றன. ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வரும். நான் பிறந்தது இலத்தூரில். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன். லேப்டாப்பில் காற்றுக்கென்று கட்டம் எதுவும் இல்லாததால் எனக்கும் ஞாபகம் வரவில்லை. லோ கேமை எதிர்க்காற்றில் ஓட்டி, ஹை கேமைப் பின்காற்றில் ஓட்டி, ஹை கேம்தான் கெட்டி என்று நானே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் ஹை கேம் வேலைக்கு ஆகும் முன்பே வண்டி அதற்கு மாறித் தூங்கியிருக்கிறது.

அண்ணாச்சியிடம் அப்படியே சொன்னேன். அவரும் தென்னையைப் பார்த்தார். "இதை அந்த ஆளுகிட்ட நீயே சொல்லிரு" என்றார்.

இரண்டு ரன்னையும் மேற்கே பார்த்தே எடுத்தோம். கோடுகள் ஐயாயிரத்து முந்நூறில் வெட்டின. அதைப் போட்டதும், கேம் மாறுவதே தெரியாமல் வண்டி ஒரே இழுவையாக ஏறியது.

சுடலைமுத்துவிடம் காற்றைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மச்சானையும் அவருடைய டீசல் வண்டியோடு கூட்டிக்கொண்டு புளியரைக்குப் போய்விட்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"சத்தம் கொறஞ்சு போச்சு. ஆனா மச்சானைக் கண்ணாடியிலதான் பாத்தேன். கூலி பாதிதான் தருவேன் தம்பி. அவன் ரெண்டு நாளா சிரிச்சிருக்கான், அதுக்கு மீதிப் பாதி கழிவு."

அண்ணாச்சி மறுக்கவில்லை. அடுத்து வந்த டியூனிங் வண்டியின் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒப்பிட வேண்டிய இரண்டு ரன்னையும் ஒரே ரோட்டில், ஒரே திசையில் எடுங்கள். திரும்பி வரும்போது சும்மா வாருங்கள். எங்களுக்குப் போனது கூலியில் பாதி ஆறாயிரம், இரண்டாம் தடவை ஓடிய பெட்ரோல் ஆயிரத்து நூற்றைம்பது, ஆக ஏழாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.