பெட்டி நிறுத்த தராசு

விமானப் பயணம் பற்றி என்னிடம் கேளுங்கள். ஏழு தடவை பறந்தவன் நான்!

பொய். ஏழு தடவை கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனவன். அதுவும் ஹயர் ஓடும் என் பழைய காரில், ஆள் ஏற்றிக்கொண்டு. விமானத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. கழுத்து வலித்தது. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் பதுளையில் விமானத்தைக் கண்ணால் பார்த்தவனே நிபுணன். எந்த மாதம் டிக்கெட் மலிவு, எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம் என்று ஆட்கள் கார் ஸ்டாண்டுக்கே வந்து கேட்பார்கள். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் கேட்டதற்கெல்லாம் முழித்தவன், இவர்கள் கேட்டால் முழிக்கவே மாட்டேன். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

அந்தச் சத்தம்தான் இன்றைக்கு என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தாளை வைத்து இந்த வாரப் பத்தியை எழுதுகிறேன். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எதிரே கொழுந்து நிறுக்கும் மடுவம். காரின் டிக்கியில் ஒரு சாமான்... தாள் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. இந்த வாரம் எழுத்துப் பிழைக்கு அதுதான் காரணம். மற்ற வாரங்களுக்கு? அது படிப்பு.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

என் மனைவிக்கு ஒரு அக்கா, ஒரு தங்கை. அக்கா ராசம்மா மதினி இந்தத் தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்கிறார். தங்கை செல்வராணியும் இங்கே எடுத்தவள்தான். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது அவள் இந்தியாவின் பங்குக்குப் போய்விட்டாள். இப்போது திருச்சிப் பக்கம் ஒரு மில்லில் அவளும் புருஷன் முருகேசுவும் வேலை செய்கிறார்கள்.

ஒருநாள் கார் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்கு அவளிடமிருந்து டெலிபோன்.

“மச்சான், லீவுக்கு அங்க வரணும். கப்பல்ல வேணாம். அழுதுகிட்டே வந்த கப்பல்ல திரும்ப ஏற மாட்டேன். பிளேன்ல வந்து, பிளேன்ல போகணும். எப்படி மிச்சம் புடிக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“அதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு! நீ சேல மட்டும் எடுத்து வையி!”

திருச்சியில் டிக்கெட் ஏஜென்ட் கடைச் சுவரில் ஒரு படமாம். கடல், தென்னை, மணலில் மல்லாந்து கிடக்கும் வெள்ளைக்காரி. ‘இலங்கை, சொர்க்கத் தீவு’ என்று போட்டிருந்ததாம். “இது எங்க ஊரு” என்றிருக்கிறாள் செல்வராணி. ஏஜென்ட் அவளை மேலும் கீழும் பார்த்தாராம். அவர் மேல் என்ன தப்பு? அவளே அந்த மணலைப் பார்த்ததில்லையே! மடுல்சீமையில் பிறந்தவளுக்கு ஏது கடல்? தீவில் பிறந்து, தீவை விட்டுப் போன அன்றைக்குத்தான் கடலைப் பார்த்தவள்.

பிறந்த ஊருக்கு டூரிஸ்டாக வருவது என்றால் சும்மாவா? என் நிபுணத்துவத்தை எல்லாம் இறக்கினேன். பண்டிகைக் காலத்தில் வராதே, விலை ஏறும். போகும் நாளையும் வரும் நாளையும் முன்கூட்டியே குறித்துவிடும் டிக்கெட்டாக எடு, அதுதான் மலிவு. (அந்த நாளைத் தவற விட்டால் டிக்கெட் வெறும் காகிதம். இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.) மூன்றாவதுதான் முக்கியம். திரும்பும்போது ஆளுக்கு இருபது கிலோ சாமான் சும்மா கொண்டுபோகலாம். குளிக்கிற வாசனைச் சவுக்காரம், நைலெக்ஸ் சேலை... இங்கே மலிவு, திருச்சியில் கேட்ட விலை. ஒரு கிராம்கூட வீணாக்காமல் இருபது கிலோவையும் ரொப்பினால் டிக்கெட்டில் பாதி திரும்ப வந்துவிடும்!

அந்தப் பாதியை நம்பித்தான் அவர்கள் மில்லில் கடன் வாங்கினார்கள்.

வந்தார்கள். மதினி குடியிருக்கும் லயத்தில், வரிசை வீட்டில், தங்கினார்கள். மதினியும் தங்கையும் பேசிய பேச்சில் லயத்துக் கோழிகள்கூட தூங்கவில்லை. நீர்கொழும்புக்குக் கூட்டிப்போய் அந்த மணலையும் காட்டினேன். செல்வராணி மல்லாந்து படுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கால் நனைத்தாள். “படத்துல இருக்கறத விட உப்பு ஜாஸ்தி மச்சான்” என்றாள்.

திரும்பிப் போகும் நாள் நெருங்கியது. பெட்டி கட்ட வேண்டும். இருபது கிலோவுக்கு மேலே போனால் அபராதம், குறைந்தால் நஷ்டம். எங்கே நிறுப்பது?

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் யாராவது என்னைத் தடுத்திருக்க வேண்டும்.

“தோட்டத்துலதான் தராசு இருக்கே! தெனமும் ஆயிரக் கணக்குல கொழுந்து நிறுக்குற தராசு. அதவிடச் சரியான தராசு எங்க இருக்கு?”

மடுவத்துக் காவல்காரர் என் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்துவிட்டார். கொக்கியில் பெட்டியை மாட்டினேன். ஒரு சவுக்காரம் போடு, ஒரு சேலையை எடு, இன்னொரு சவுக்காரம் போடு... முள் இருபதில் நின்றது. ஊசிமுனை பிசகவில்லை. இரண்டாவது பெட்டியும் அப்படியே. சினிமாவில் டாக்டர் ஆபரேஷன் முடித்துவிட்டு வெளியே வருவாரே, அந்த மாதிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

ராசம்மா மதினி உள்ளே வரவே இல்லை. வாசலிலேயே நின்றார்.

“வாங்க மதினி, வந்து பாருங்க!”

“நீங்க பாருங்க தம்பி. லீவு நாள்லயும் அது மூஞ்சியப் பாக்கணுமா?”

எல்லோரும் சிரித்தோம்.

கட்டுநாயக்கா. வழியனுப்ப மதினியும் வந்திருந்தார். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஆபீசர், நல்லவேளை தமிழ் பேசினார். முதல் பெட்டியை வைத்தோம்.

“இருபத்து மூன்று” என்றார்.

நான் சிரித்தேன். “சேர், சரியாப் பாருங்க.”

இரண்டாவது பெட்டி. அதுவும் இருபத்து மூன்று.

“ஆறு கிலோ கூட. கட்டணும்.” தொகையைச் சொன்னார். முருகேசு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கையில் இருந்ததை எல்லாம் சவுக்காரமாக மாற்றியதே நான்தானே! கட்டாவிட்டால் பெட்டி போகாது. பெட்டி போகாவிட்டால் கடன் நிற்கும். ஆள் போகாவிட்டால் டிக்கெட் காகிதம்.

“சேர், பொட்டிக்குக் கழிவு இல்லையா?” என்றேன்.

“என்ன கழிவு?”

“கொழுந்து நிறுத்தா கூடைக்குன்னு கொஞ்சம் கழிப்பாங்க... ஈரத்துக்குன்னு கொஞ்சம் கழிப்பாங்க...”

“பெட்டி ஈரமா?”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரியாத விஷயத்தில் சத்தம் போடுவது என் வழக்கம் என்று சொன்னேனே... போட்டேன்.

“சேர், உங்க தராசுதான் பொய் சொல்லுது! நாங்க தோட்டத்துல நிறுத்துட்டு வந்திருக்கோம்!”

வரிசையில் எங்களுக்கு அடுத்து நின்றவர் பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹனிபா நானா. துணி வாங்க அதே விமானத்தில் திருச்சி போகிறவர். என் தோளைத் தட்டினார்.

“சத்தம் போடாதீங்க தம்பி. என்ட பேக்கயும் வச்சுப் பாப்பம். கடத் தராசுல நிறுத்துத்தான் கொண்டு வந்த நான். சரியா இருவது.”

ஆபீசர் அலுத்துக்கொண்டே எங்கள் பெட்டியை இறக்கினார். நானாவின் பையை வைத்தார்.

இருபது.

நான் வாயை மூடினேன். அபூர்வமாக நடக்கும் விஷயம் அது.

அப்போதுதான் ராசம்மா மதினி முன்னால் வந்தார். நானாவின் பையைப் பார்த்தார். எங்கள் பெட்டிகளைப் பார்த்தார். யாரிடமும் இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

“அப்ப... நம்ம கொழுந்து?”

முருகேசு தலை குனிந்தான். செல்வராணி அக்காவின் கையைப் பிடித்தாள். இருபத்து மூன்று கிலோ பறித்தால் கணக்கில் இருபது. வருஷக் கணக்காக, ஒவ்வொரு கூடையிலும். அதற்கு மேலேதான் அந்தக் கழிவெல்லாம்!

யோசிக்க நேரமில்லை. கவுண்டரை மூடப்போவதாக ஆபீசர் சொல்லிவிட்டார். பெட்டிகளை அங்கேயே தரையில் அவிழ்த்தோம். செல்வராணி கட்டியிருந்த சேலைக்கு மேலே இன்னொரு சேலை, அதற்கு மேலே இன்னொன்று. முருகேசுவுக்கு இரண்டு கால்சட்டை. நான்கு பையிலும் சவுக்காரம். நடந்தால் மணந்தான். அப்படியும் கொஞ்சம் மிச்சம். மதினி கொடுத்த தேயிலைப் பொட்டலங்கள்.

“இத வுட்டுட்டுப் போக மாட்டேன்க்கா. சவுக்காரத்த எடுக்கறேன்.”

“போடீ இவளே! சவுக்காரத்த எடுத்தா கடன் நிக்கும். தேயிலையக் குடு. நான் எங்க போகப் போறேன்? எப்ப வந்தாலும் இங்கதான பறிச்சுக்கிட்டு இருப்பேன்.”

இப்போது முள் சரியாக நின்றது. அழக்கூட நேரமில்லாமல் இரண்டு பேரும் ஓடினார்கள். மூன்று சேலைக்குள் செல்வராணியால் ஓட முடியவில்லை. வாத்து மாதிரிப் போனாள். திரும்பிப் பார்க்க நினைத்தாள், கழுத்து மட்டும் திரும்பியது.

திரும்பும் வழியெல்லாம் மதினி விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டே வந்தார். தேயிலைப் பொட்டலம் மடியில். இரத்தினபுரி போனது, பலாங்கொடை போனது. நான் மூன்று ஜோக் சொன்னேன். மூன்றும் காருக்குள்ளேயே செத்தன. பெரகல ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கியபோதுதான் வாய் திறந்தார்.

“தம்பி, அந்த நானா கடையில எடைக்கல்லு இருக்குமில்ல?”

“இருக்கும். ஏன் மதினி?”

“அரசாங்க முத்திர போட்ட கல்லா?”

“முத்திர இல்லாட்டி கடையையே மூடிருவாங்களே.”

“நானா திரும்பி வந்ததும் பத்து கிலோக் கல்லு ஒன்னு கேட்டு வாங்குங்க. ஒரு நாளைக்குப் போதும்.”

ஸ்டியரிங் கையில் வழுக்கியது. “வேணாம் மதினி. வேலைய நிப்பாட்டிருவாங்க. லயத்தையும் காலி பண்ணச் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும். கவுண்டர்ல அந்தச் சத்தம் போட்டீங்களே தம்பி... இங்க போட மாட்டீங்களா?”

பாருங்கள், மலிவு டிக்கெட் தேடப் போனால் எதெல்லாம் வெளியே வருகிறது! நாட்டை விட்டுப் போகிறவளுக்குத்தான் முழுக் கிலோ. இங்கேயே இருந்து பறிக்கிறவளுக்கு எப்போதும் கொஞ்சம் குறைந்த கிலோ. கிலோ என்றால் எல்லா இடத்திலும் கிலோதான் என்று நம்பியது என் மூன்றாம் வகுப்பு. படித்தவர்கள் யாராவது வேறு மாதிரி நம்பியிருந்தால், எங்களிடம் சொல்லவில்லை.

போன கிழமை நானா திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டார். நேரே கல்லைத் தூக்கி டிக்கியில் வைத்தார். “ரகசியமா ஒன்டும் செய்ய வாணாம். எல்லாரும் பாக்க வையுங்க” என்றார். அப்புறம், “கல்லுக்கு ஒன்டும் ஆகாது. ஒங்களுக்கு ஆனா எனக்குச் சொல்லி அனுப்புங்க.”

சொல்லி அனுப்ப என்னால் முடியுமா என்று அவர் கேட்கவில்லை.

ஆகவே, வாசகர்களே, இப்போது மத்தியான நிறுவை நேரம். மடுவத்தில் கணக்கப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் நின்று என் காரையே பார்க்கிறார். எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரியாது. மலையிலிருந்து பெண்கள் கூடையோடு இறங்குகிறார்கள். வழக்கமாகப் பேச்சும் சிரிப்புமாக இறங்குவார்கள். இன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. எல்லோருக்கும் தெரியும். முன்னால் ராசம்மா மதினி. கூடையை இறக்கி, கொழுந்தைப் பக்கத்தில் நிற்பவளின் படங்குச் சாக்கில் கொட்டுகிறார். கல்லை வைக்க வெறுங் கூடை. அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் காருக்கு வருகிறார். கணக்கப்பிள்ளையும் அங்கிருந்து நடக்கத் தொடங்கிவிட்டார். யார் முதலில் வந்து சேருவார்கள் என்று

“தம்பி, எழுதுனது போதும். டிக்கியத் தொறங்க.”

போகிறேன். ஏழு தடவை பறந்தவன் சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்... கல் சொல்லட்டும்.