எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கிய நாள்

1. எம்.டி. கொடுத்த வேலை

நான் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வருவதைப் படித்துவிட்டு ஏதோ வீராங்கனை என்று நினைத்துக்கொள்வீர்கள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பிப் போனவள் நான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈ.சி.ஆர். ஓரம், ஓர் இறால் கம்பெனியில் எச்.ஆர். மேனேஜராக இருக்கிறேன். இறாலை உரித்து, உறைய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். உறைய வைக்க அம்மோனியா கேஸ். அதற்கான கம்ப்ரசர் ரூம் பின்பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் நான் போவதே இல்லை.

உரிக்கிற ஹாலில் என் நாத்தனார் வேதவல்லியும் வேலை பார்க்கிறாள். திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறாள். நான்தான் சேர்த்துவிட்டேன். மாமியாருக்கு அதில் இஷ்டமே இல்லை. “கேஸு கீஸு லீக்காயி என் பொண்ணுக்கு எதனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?” என்றார். “நான் சொல்றேன் அத்த” என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு நாள் எம்.டி. கூப்பிட்டார். வெளிநாட்டுக் கஸ்டமரின் ஆடிட் வரப்போகிறது.

“சேஃப்டி பாலிசிய எல்லாரும் படிச்சாங்களான்னு ப்ரூஃப் கேப்பாங்கம்மா. ஈ-சைன் சாஃப்ட்வேர் ஒண்ணு, ட்ரெய்னிங் சாஃப்ட்வேர் ஒண்ணு, ரெண்டுக்கும் ஃப்ரீ ட்ரயல் வாங்கி வெச்சிருக்கேன். ஓட்டிப் பாத்துட்டு எது நல்லதுன்னு சொல்லுங்க. ஒண்ணுதான் வாங்குவேன். சீக்கிரம் முடிங்க.”

இரண்டும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஈ-சைனில் பாலிசியை எல்லோருடைய போனுக்கும் அனுப்பலாம். ஓடிபி போட்டுக் கையெழுத்திட்டால், யார், எப்போது, எந்த போனிலிருந்து என்று பதிவாகிவிடும். ட்ரெய்னிங் சாஃப்ட்வேரில் தமிழில் ஒரு வீடியோ, பிறகு கேள்விகள், பாஸானால் சர்டிபிகேட். இரண்டிலும் முக்கியமான வரி ஒன்றுதான்: நீளமான சைரன் கேட்டால் உடனே முன்வாசலில் வந்து கூட வேண்டும்.

2. ரிசல்ட்

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பார்த்து முடிக்கட்டும் என்று காலையில் இரண்டையும் அனுப்பினேன். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து ஸ்கிரீனைப் பார்த்தால், அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பரீட்சையில் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஆயுத பூஜைக்குப் பொரி கொடுக்கிறோம் என்றாலே நாலு பேர் குறைவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் பாதிப் பேர். இவர்களுக்கு எப்படி நூற்றுக்கு நூறு? அதைவிட, உணவுப் பொருள் என்பதால் ஹாலுக்குள் போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. காலையில் எல்லோரும் கேட்டில் செக்யூரிட்டி ஏழுமலையிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அப்படியானால் பரீட்சை எழுதியது யார்?

கேட்டுக்குப் போனேன். ஏழுமலையின் மேசை முழுக்க போன்கள் பரப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் பூட்டுத் திறக்கிற நம்பரை எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் அவர் எடுத்துப் பேசட்டும் என்று பெண்களே செய்துவைத்த ஏற்பாடு.

“ஏழுமலை, இதெல்லாம் யார் பண்ணது?”

“நாந்தான் மேடம். காலைலேர்ந்து டொய்ங் டொய்ங்னு வந்துகினே கீது. சீக்கிரம் முடிக்கணும்னு எம்.டி. சொன்னாராமே. போனு என்கிட்டதான கீது, அதான் ஒண்ணொண்ணா முடிச்சிட்டேன். அந்த வீடியோ எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.”

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நாத்தனார் வேதாவின் போனும் அந்த மேசையில்தான் கிடந்தது. அதில் சர்டிபிகேட் மின்னிக்கொண்டிருந்தது.

3. சைரன்

அப்போதுதான் கம்ப்ரசர் ஆபரேட்டர் பக்கவாட்டுப் பாதையில் இருமிக்கொண்டே ஓடிவந்தார். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் கொட்டியது.

“லீக்கு... அமோனியா... மெயின் வால்வ மூடணும், மாஸ்க் குடு” என்றார். செக்யூரிட்டி ரூமிலிருந்த மாஸ்க்கைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு திரும்ப ஓடினார்.

ஏழுமலை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சுவரிலிருந்த சைரன் பொத்தானை அழுத்திப் பிடித்தார், வீடியோவில் காட்டியபடியே, நீளமாக.

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பாலிசி என்ன சொன்னாலும், எங்கள் கம்பெனியில் நீளமான சைரனுக்கு ஒரே அர்த்தம்தான். லோடு வந்திருக்கிறது. இறால் லாரி உள்ளே நுழைந்தால் இதே ஏழுமலை இதே பொத்தானைத்தான் அழுத்துவார். சத்தம் கேட்டதும் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் இறக்குமிடத்துக்கு ஓடுவார்கள். முந்திப் போனவர்களுக்குப் பெரிய இறால், உரிக்கச் சுலபம். அந்த இறக்குமிடத்துக்கும் கம்ப்ரசர் ரூமுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

“கைய எடுங்க ஏழுமலை! லோடுன்னு நெனச்சுப் பின்னாடி ஓடுவாங்க.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “அய்யோ மேடம். அந்த வீடியோவ பாத்துப் பாத்து கை தானா போயிடுச்சே.”

ஹாலுக்கு இன்டர்காம் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. போனில் கூப்பிடலாம் என்றால் அத்தனை போனும் என் கண்ணெதிரே மேசையில் கிடக்கிறது. உள்ளே ஓட வேண்டும் என்று தெரிகிறது, கால் நகர மாட்டேன் என்கிறது. மாமியார் முகம்தான் கண்முன்னால் வந்து நின்றது.

கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ் நின்றது. டிரைவர் காசிம் பாய் சீட்டில் சாய்ந்திருந்தார். அவர் யாருக்காகவும் நிற்க மாட்டார். ஆரன் அடித்தார் என்றால் வண்டி புறப்படுகிறது என்று அர்த்தம். விட்டால் வேறு பஸ் கிடையாது. அந்தச் சத்தத்துக்குக் கையிலிருக்கிற இறாலை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருகிறவர்கள் எங்கள் பெண்கள்.

“பாய், வண்டிய எடுக்கற மாதிரி ஆரன் அடிங்க. நிறுத்தாதீங்க.”

“இன்னாம்மா, ஷிப்டு முடியலையே?”

“அடிங்க பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அடித்தார். எனக்கு எப்படிக் கால் வந்ததோ, முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஹால் வாசல்வரை ஓடினேன். உள்ளே போகத் துணிவில்லை. அங்கேயே நின்று, “பஸ்ஸு போவுது, பஸ்ஸு போவுது” என்று தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளிருந்து வந்த நெடியில் கண் எரிந்தது.

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு கும்பலாக, கையுறையும் தொப்பியுமாக, இருமிக்கொண்டு. வந்தவர்களையெல்லாம் முன்வாசலுக்குத் தள்ளிவிட்டேன். கடல்காற்று கேஸைப் பின்பக்கமாகத் தள்ளியதால் முன்வாசலில் மூச்சுவிட முடிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வேதா இல்லை. இன்னொரு கும்பல் வந்தது, அதிலும் இல்லை. ஒருத்தியைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். “வேதாக்காதான் மொதல்ல பின்னால ஓடிச்சி, பெரிய எறா எடுக்க” என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோருக்கும் கடைசியில் வந்தாள். இடுப்பில் காலிக் கூடை, மூக்கில் தண்ணீர், முகத்தில் கோபம்.

“இன்னா அண்ணி, பஸ்ஸு அங்கயே நின்னுகினு கீது. எதுக்கு இந்தக் கூச்சல் போட்ட?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆபரேட்டர் வால்வை மூடிவிட்டார். அவரையும் நாலைந்து பெண்களையும் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் எரிச்சலோடும் இருமலோடும் எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

4. எது நல்லது

மறுநாள் எம்.டி. கேட்டார். “சரிம்மா, எதை வாங்கறது?”

“என் நாத்தனார் நேத்து செத்திருந்தா, நீளமான சைரன் கேட்டா எங்க ஓடணும்னு அவளுக்குத் தெரியும்னு ரெண்டு சாஃப்ட்வேரும் சாட்சி சொல்லியிருக்கும் சார். ஒண்ணுல அவ கையெழுத்து, இன்னொண்ணுல நூத்துக்கு நூறு. தப்பு அவ மேலதான்னு ஆகியிருக்கும். நாம தப்பிச்சிருப்போம்.”

முடிவை அவர் என்னிடமே விட்டுவிட்டார்.

எச்.ஆர். வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சம்பந்தப்பட்டவரே கையெழுத்துப் போடுகிறார் என்றால், ஆஃபர் லெட்டருக்கும் சப்ளையர் ஒப்பந்தத்துக்கும் ஈ-சைன் நல்லது. உயிர் சம்பந்தப்பட்டதற்கு ட்ரெய்னிங்தான், அதையும் நம்பிவிடாதீர்கள். இரண்டுமே முடிந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லும். புரிந்ததா என்று நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

நாங்கள் ட்ரெய்னிங் சாஃப்ட்வேரையே வாங்கினோம். வீடியோவைக் கேன்டீன் டிவியில் எல்லோரையும் உட்காரவைத்துப் போடுகிறோம், எங்கள் ஹாலையும் முன்வாசலையும் காட்டிப் புதிதாக எடுத்த வீடியோ. லோடு வந்தால் இப்போது மணிதான். சைரன் கேஸுக்கு மட்டும்.

அவ்வப்போது, யாரிடமும் சொல்லாமல், ஏழுமலையைச் சைரனை அழுத்தச் சொல்லிவிட்டு நான் முன்வாசலில் போய் நிற்பேன். ஒத்திகைதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேதா தலை தெரிகிற வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இருக்காது.