அக்கா சொன்ன படங்கள்

எங்கள் வீட்டு பீரோவில் துணி வைக்க இடமில்லை என்று என் மனைவி புலம்பாத நாள் கிடையாது. இருக்கிற நான்கு தட்டில் இரண்டை டிவிடிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதுகூடப் பரவாயில்லை, அவற்றில் ஒன்றைக்கூட நான் போட்டுப் பார்த்ததில்லை என்பதுதான் அவளுக்கு ஆறாத எரிச்சல். "பாக்காத படத்துக்கு எதுக்கு பீரோ? ஒரு நாள் எல்லாத்தையும் அள்ளிப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடுவேன்" என்பாள். நான் பதிலுக்கு அவள் கட்டாத பட்டுப்புடவைகளை எண்ண ஆரம்பிப்பேன். பேச்சு அதோடு நின்றுவிடும்.

மொத்தம் முப்பத்தெட்டுப் படங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதையில் விரித்து விற்றவர்களிடமும், முத்தியால்பேட்டையில் கடையைக் கட்டிய சிடி கடைக்காரர்களிடமும் பொறுக்கியவை. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிற பைத்தியம் இல்லை நான். மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் செம்புக்கம்பியில் காயில் கட்டிப் பிழைக்கிறவனுக்கு அந்த வசதியும் கிடையாது. சின்ன வயதில் அக்கா எனக்குக் கதை சொன்ன படங்களை மட்டும் தேடித் தேடி வாங்கினேன். அவள் வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது என்று எங்களுக்குள் பேச்சு. அவள் வராமல் அவற்றைத் தொட எனக்கு மனசில்லை.

எனக்கு அப்போது இளைப்பு நோய். ஒரே ஒரு முறை தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். பீடிப் புகையில், பெயர் போட்டு முடிப்பதற்குள் எனக்கு இழுக்க ஆரம்பித்து, அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாளாம். அன்றோடு எனக்கு சினிமா கிடையாது. அம்மா கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். சனிக்கிழமையும் லீவு இல்லை, இருட்டித்தான் வருவாள். அப்பா லாரியில் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே என்னைப் பார்த்துக்கொண்டது அக்காதான். அதற்குக் கூலியாக அவளுக்குச் சனிக்கிழமை மேட்னி. பக்கத்து வீட்டு அத்தையை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் கிளம்புவாள். நான் கட்டிலில் கிடப்பேன். எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினான்கு.

மில்லில் நாலு மணிச் சங்கு ஊதும்போது அக்கா வீட்டில் இருப்பாள். அந்தச் சங்குதான் எனக்கு மருந்து வேளை. கசப்பு மருந்தை ஊற்றி, வாயைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கு இன்னா படம் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை கதைதான். சண்டை வந்தால் தலையணையைக் குத்துவாள். பாட்டு வந்தால் பாடியே காட்டுவாள். அதைப் பாட்டு என்று சொல்வது அவள் மேல் உள்ள பாசத்தினால்.

எல்லாவற்றிலும் என்னை ஆட்டிவைத்தது அந்த ராட்சத மிருகத்தின் படம். ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கடலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. தலையில் இரண்டு கொம்பு, ஒன்று பாதி ஒடிந்தது. யாரோ வெடி வைக்க, விழித்துக்கொண்டு கரையேறுகிறது. பாலத்தை மிதிக்கிறது, ரயிலைக் கவிழ்க்கிறது, ஒரு கப்பலை ஒற்றைக் கையால் தூக்குகிறது. பிறகு வழி தெரியாமல், நம் வீராம்பட்டினம் மாதிரியே ஒரு மீனவர் ஊரில் வலையில் சிக்கிக்கொள்கிறது. ஊர்க்காரர்கள் பயந்து பார்த்தால், பாவம், அது அழுகிறது. வலையை அறுத்து விடுகிறார்கள். அன்றைக்கு அங்கே அம்மன் தேர். மணலில் புதைந்து நகராத தேரை அந்த மிருகம் ஒரு விரலால் தள்ளி நிலைக்குச் சேர்த்துவிட்டுக் கடலுக்குள் தன் அம்மாவிடம் போய்விடுகிறது. இதை எத்தனையோ தரம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அக்காவை ஒரு சொல்தா வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அதாவது சொல்தாவாக, இருந்தவர்; குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணமான மறு வருஷமே அவர்கள் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் ஆகஸ்ட் மாத வக்கான்ஸுக்கு, அதாவது லீவுக்கு, வருவாள். வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் வீடு, கோயில், ஜவுளிக்கடை, தையல்காரர். "படம் பாக்கலாமாக்கா?" என்றால் "நாளைக்குப் பாக்கலாம்டா" என்பாள். அந்த நாளை வருவதற்குள் பெட்டி கட்டிவிடுவாள். நானும் அடுத்த தடவை என்று விட்டுவிடுவேன். கடைசியாக அவள் வந்து ஏழு வருஷம் ஆகிறது. நடுவில் மாமா தவறிப்போனார். பிள்ளைகள் வேறு வேறு ஊரில். அவள் தனியாக இருக்கிறாள்.

இந்த வருஷம் இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேசுகிற வழக்கம் எங்களுக்கு. ஒரு ஞாயிறு, மாத்திரையை நேரத்துக்குப் போட மறந்துபோகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "ப்ளேன்ல அவ்ளோ நேரம் ஒக்கார முடியாதாம்டா. இனிமே வர்றது கஷ்டம்தான்" என்றாள், ஏதோ கறிவேப்பிலை கிடைக்கவில்லை என்பது மாதிரி. நானும் சரிக்கா என்றேன். போனை வைத்த பிறகு எதிரில் கிடந்த மிக்ஸியின் ஒரு திருகைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தேன். யாருக்காக அத்தனை படங்களையும் பொத்திப் பொத்தி வைத்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து பீரோவைத் திறந்தேன். முதலில் எடுத்தது ராட்சத மிருகம். யாரோ ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது சந்தைக்கு வந்த டிவிடி அது. அட்டையில் இருந்த ஒடிந்த கொம்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பேச்சு முழுக்க பிரெஞ்சு, எனக்கு நாலு வார்த்தை புரிந்தால் அதிகம். ஆனால் புரியவே தேவையில்லை. வெடி, பாலம், ரயில், கப்பல், எல்லாம் அக்கா சொன்ன வரிசையிலேயே வந்தன. கப்பலைத் தூக்கியபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "இப்ப பாரு, வலையில மாட்டும்" என்றேன்.

மாட்டவில்லை. மீனவர் ஊரே வரவில்லை. கண்ணாடி போட்ட ஒரு விஞ்ஞானி கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிறகு பட்டாளம் வந்து ஊரைச் சுற்றி மின்கம்பி கட்டியது. அந்தக் கம்பியின் தடிமனுக்கு அவ்வளவு கரண்டைப் பாய்ச்சினால் கம்பிதான் முதலில் உருகும், அது எனக்குத் தெரியும். படம் எடுத்தவருக்குத் தெரியவில்லை. மிருகம் கம்பியில் சிக்கித் துடித்துச் செத்தது. எல்லோரும் கைதட்டினார்கள், படம் முடிந்தது. "இதுக்கா இருவது வருஷம் காத்துக்கினு இருந்தே?" என்று மனைவி உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அக்காவின் மேல் நிஜமாகவே கோபம். ஏமாற்றியிருக்கிறாள். அதே கோபத்தில் அடுத்த டிவிடியைப் போட்டேன், தமிழ்ப் படம். செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போகும் ஒரு அண்ணனின் கதை. அவன் கையில் விலங்கு மாட்டுகிற வரைக்கும், தங்கை ஓடிவந்து தடுக்கி விழுகிற வரைக்கும், ஒரு இம்மி பிசகாமல் அக்கா சொன்னபடியே வந்தது. திரையில் 'இடைவேளை' என்று எழுத்து விழுந்தது. அதற்குப் பிறகு வந்த எதுவும் அவள் சொன்னதில்லை. அவள் கதையில் அண்ணன் ரயில் ஏறி வீட்டுக்கு வந்து, தங்கை கையால் மீன் குழம்பு சாப்பிடுவான். படத்தில் அவன் ஜெயிலிலேயே செத்துப்போனான்.

டிவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. மேட்னி இரண்டரைக்கு ஆரம்பிக்கும். நாலு மணிச் சங்குக்கு அக்கா வீட்டில் இருப்பாள். எந்தத் தமிழ்ப் படத்தை ஒன்றரை மணி நேரத்தில் முழுசாகப் பார்த்துவிட்டு, தியேட்டரிலிருந்து நடந்தும் வர முடியும்? சினிமாவே பார்க்காத ஏழு வயதுப் பையனுக்கு அது தெரியாது. சரி, வளர்ந்து, முப்பத்தெட்டு டிவிடி சேர்த்த மனுஷனுக்கு இந்தக் கணக்கு ஏன் வரவில்லை? அழுகை வந்தது. மனைவி பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் போன் எடுத்ததும் நலம்கூட விசாரிக்காமல் கேட்டேன்.

"அக்கா, நீ ஒரு படமாவது முழுசா பாத்திருக்கியா?"

அக்கா சிரித்தாள். "கண்டுபுடிச்சிட்டியா? இவ்ளோ வருஷம் ஆச்சேடா உனக்கு."

"ஏன் பாதியில எழுந்து வந்தே?"

"இன்னாடா கேள்வி இது. சங்கு ஊதுனா உனக்கு மருந்து ஊத்த வேணாமா? இடைவேளையிலதான் கதவத் தொறப்பாங்க. வுட்டா அதுக்கப்புறம் ஆறு மணிதான்."

"மீதிக் கதை?"

"நடந்து வர்றப்ப யோசிச்சுக்குவேன். நம்ம சந்து திரும்பறதுக்குள்ள முடிவு வந்துடும்." மறுபடி சிரித்தாள். "கல்யாணம் ஆன புதுசுல உங்க மாமா படத்துக்குக் கூட்டிம்போனாரு. இடைவேளைல வெளக்கு போட்டதும் நான் எழுந்து கதவுகிட்ட போயிட்டேன். எங்க போறேன்னு ஓடிவந்தாரு. நீ அப்ப பாலிடெக்னிக்ல படிக்கிற."

பிறகு அவளே கேட்டாள். "அந்தக் கொம்பு ஒடிஞ்சது கடைசில இன்னா ஆச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவள் அளவுக்கு எனக்கு வராது. "கொன்னுட்டாங்கக்கா" என்றேன்.

"அடப் பாவிங்களா" என்றாள். பிறகு, "நான் சொன்னதுதான்டா நல்லாருக்கு. சரி, மத்த படம்லாம் இன்னா ஆச்சுன்னு வாரம் ஒண்ணு சொல்லு. இடைவேளைக்கு அப்புறம் மட்டும் சொல்லு, முன்னாடி எனக்குத் தெரியும்."

அப்படித்தான் நடக்கிறது இப்போது. சனிக்கிழமை படம் பார்க்கிறேன். மனைவியும் வேர்க்கடலையோடு வந்து உட்கார்ந்துவிடுகிறாள், பீரோ பேச்சு குறைந்திருக்கிறது. இதனால் என் ஆசை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, 'இடைவேளை' என்று எழுத்து விழும்போது, எழுந்திருக்காதே என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அது இனி நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஏழரை ஆகும்போது அங்கே நாலு மணி. சரியாக அப்போதுதான் போன் போடுகிறேன்.

"மாத்திரை போட்டியாக்கா?"

"ஐயோ, மறந்துட்டேன். இருடா." அவள் மெதுவாக நடந்து போவதும், குழாய் திறப்பதும், தண்ணீரை விழுங்குவதும் கேட்கும். "ம், போட்டாச்சு. சொல்லு."

அண்ணன் கையில் விலங்கு மாட்டியதற்கு அடுத்த காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.