தூக்கம் வருகிறது என்று சொன்ன அக்கா

தாம்பரம் மார்க்கெட்டில் இன்று ஒரு சிட்லபாக்கம் அக்காவைப் பார்த்தேன். தூக்கமில்லாதவர்களுக்கு இரண்டு மனநலச் சிகிச்சைகளில் எது அதிகம் உதவுகிறது என்ற என் பிஎச்டி ஆய்வில் பங்கெடுத்தவர்.

"இப்ப நல்லா தூங்குறீங்களாக்கா?"

"எங்கேம்மா தூங்குறது? விடிய விடிய முழிச்சிட்டுதான் இருக்கேன்."

"தூக்கம் வருதுன்னு சொன்னீங்களே?"

"நீ வெயில்ல அலைஞ்சு வந்து கேக்குற. இல்லைன்னு சொல்ல மனசு வரல. இன்னொரு சிகிச்சைக்குப் போன எதிர்வீட்டு அக்காவும் உங்கிட்ட அதையேதான் சொன்னாங்களாம். பாவம், படிக்கிற பொண்ணாச்சேன்னு."

இரண்டு சிகிச்சைகளும் சமமாகப் பலன் தருகின்றன என்று நேற்றுதான் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்திருந்தேன்.

வீடு திரும்பும்போது கைடு போனில் கேட்டார். "ஆராய்ச்சி எப்படிம்மா போகுது?"

"நல்லா போகுது சார்."

அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறவர். அவரிடம் இல்லையென்று சொல்ல உங்களுக்கு மட்டும் மனசு வருமா?